அக்காவுக்கு நான் வரவழைத்த மஞ்சள் காமாலை

என் அக்காவுக்கு ஒரு மழைக்காலத்தில் இரண்டு வாரம் மஞ்சள் காமாலை இருந்தது. அவளுடைய கல்லீரலுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அது பாட்டுக்குத் தன் வேலையைச் சரியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. நோயை வரவழைத்தவன் நான். அதற்கு எனக்குத் தேவைப்பட்டவை இரண்டு எமர்ஜென்சி விளக்குகள், ஒரு எவர்சில்வர் சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடி, மூன்று துண்டு மஞ்சள் கண்ணாடித் தாள், பிறகு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தவனுக்குத் தானாகவே வந்துவிடும் ஒரு துணிச்சல்.

இது நடந்தது 2009-இல். எனக்கு இருபத்தொரு வயது. ஊர் கடியப்பட்டணம். அப்பா கரையில் மீன் ஏலம் எடுத்துக் கேரளத்துக்கு ஏற்றி அனுப்புகிறவர். அக்கா ஆக்னஸ் நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருந்தாள். நான் வேலை தேடிக்கொண்டிருந்தேன். (வேலையும் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறது, வழிதான் தெரியவில்லை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அம்மா நம்பினாள்.)

அக்காவுக்குக் குவைத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்த டென்னிஸ் என்பவரின் வரன் வந்திருந்தது. ராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரை ஊர். சொந்த பந்தத்தில் யாரோ சொல்லி, ஜாதகம் பார்க்கிற வழக்கம் எங்களில் இல்லாததால் வேறு எல்லாவற்றையும் பார்த்து முடித்திருந்தார்கள். பையனுக்கு ஜனவரியில்தான் விடுப்பு. அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம், பெண்ணை ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று அவர் போனில் கேட்டாராம். போட்டோவில் எல்லாரும் ஒரே மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், நடந்து வந்து உட்கார்ந்து சாதாரணமாக நாலு வார்த்தை பேசினால் போதும் என்றாராம்.

அக்காவுக்கு இந்தக் கோரிக்கை பிடித்திருந்தது. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உப்பு குறைவு என்று அவள் சொல்லவில்லை, அதை வைத்து நாங்கள் புரிந்துகொண்டோம்.

ஸ்டுடியோக்காரரைக் கூப்பிடலாம் என்றார் அப்பா. அம்மா ஒரே பேச்சில் மறுத்தாள். இதற்கு முன் இரண்டு வரன்கள் வந்து, பெண் கொஞ்சம் நிறம் குறைவு என்று சொல்லிப் போயிருந்தன. இரண்டு தடவையும் எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருந்தது. ஸ்டுடியோக்காரர் தோளில் விளக்கையும் வயரையும் தூக்கிக்கொண்டு எங்கள் சந்துக்குள் நுழைந்தால் கோயிலில் மணியடித்த மாதிரிதான்.

"நான் எடுக்கேன்" என்றேன்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் இன்னொரு தடவையும் சொன்னேன்.

என்னிடம் கேமரா இருந்தது. சித்தப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்து, எங்கள் வீட்டில் மறந்துவிட்டுப் போனது. (மறந்துவிட்டுப் போனார் என்பது எங்கள் தரப்பு. எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்பது சித்தியின் தரப்பு.) உள்ளங்கை அளவுள்ள சின்ன டிவிடித் தகட்டில் பதிவாகும் ரகம். பகலில், வெயிலில், கடற்கரையில் வைத்து எடுத்தால் பிரமாதமாக இருக்கும். வீட்டுக்குள் கொண்டுவந்தால் எல்லாமே புள்ளி புள்ளியாக, எறும்பு ஊர்வது போலத் தெரியும். எங்கள் வீடோ உப்புக்காற்றுக்குப் பயந்து கடல் பக்கத்து ஜன்னல்களை எப்போதும் அடைத்தே வைத்திருக்கும் வீடு. போதாததற்கு ஐப்பசி மழை. மத்தியானம் மூன்று மணிக்கே முன்னறையில் பேப்பர் படிக்க முடியாது.

எனவே வெளிச்சம் வேண்டும். கையில் தூக்கிப் போகிற மாதிரி, கரண்டு இல்லாவிட்டாலும் எரிகிற மாதிரி. அப்படிப்பட்ட விளக்குகள் கேமராவின் தலையில் மாட்டுவதற்கென்றே சின்னதாக வருகின்றன என்று நாகர்கோவில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். விலையையும் கண்டுபிடித்தேன். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

எங்கள் வீட்டில் இரண்டு எமர்ஜென்சி விளக்குகள் இருந்தன. பவர்கட் காலம். பிரித்துப் பார்த்தால் உள்ளே வரிசையாக வெள்ளை எல்.ஈ.டி. பல்புகள், ஒரு பேட்டரி. அக்காவின் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடி நல்ல பளபளப்பானது. அதில் ஓட்டைகள் போட்டு இரண்டு விளக்குகளின் பல்புகளையும் பதித்துப் பற்றவைத்தேன். பேட்டரிகளைத் துணிப்பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டேன். மூடியைப் பழைய குடையின் கம்பியில் பொருத்திக் கையில் பிடித்துக்கொண்டேன். சுவிட்சைப் போட்டதும் முன்னறை முழுக்கப் பகலானது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. (நேராகப் பார்த்துவிட்டதுதான் காரணம் என்று பின்னால் புரிந்தது.)

ஒத்திகைக்கு அப்பாவை உட்காரவைத்துப் படம் பிடித்து டிவியில் போட்டேன். அம்மா பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"எலே, அப்பாவ என்னலே இப்படிப் பெட்டிக்குள்ள வச்ச மாதிரி எடுத்து வச்சிருக்கே!"

உண்மைதான். நீலம் பாரித்து, உதடு வெளிறி, மூக்கில் பஞ்சு மட்டும்தான் பாக்கி. அப்பா தன்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இந்த மாதிரி மீன ஏலத்துல எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

எல்.ஈ.டி. வெளிச்சத்தில் நீலம் அதிகம், அதை மஞ்சளால் அடிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கோட்டாறுக்குப் போனேன். கிறிஸ்துமஸ் ஸ்டார் செய்கிற சாமான் விற்கும் கடையில் மஞ்சள் கண்ணாடித் தாள் கிடைத்தது. ஒரு தாளை விளக்கின்மேல் ஒட்டிக் கேமராவின் சின்னத் திரையில் பார்த்தேன். நீலம் குறைந்தது. இரண்டாவது தாள் ஒட்டினேன், இன்னும் பரவாயில்லை. மூன்றாவதையும் ஒட்டியதும் அம்மாவின் முகம் அந்தச் சின்னத் திரையில் பொன் போல மின்னியது. அந்தத் திரையே பழசாகி நீலம் பூத்துக் கிடக்கிறது, அதில் பொன்னாகத் தெரிவது வெளியே என்னவாகத் தெரியும் என்கிற யோசனை எனக்கு வரவில்லை. டிவியில் போட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் கரண்டு போயிருந்தது. கரண்டு வந்தபோது எனக்கு முழு நம்பிக்கையும் வந்திருந்தது.

இன்னொன்றும் செய்தேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாலைந்து வருடம் ஆனது. கேமராவின் மெனுப் பட்டியலில் ஓரிடத்தில் இரண்டு சின்னப் படங்கள் இருந்தன. ஒன்று பல்பு, இன்னொன்று சூரியன். பல்பைவிடச் சூரியனுக்குத்தானே வெளிச்சம் கூடுதல்? சூரியனை அழுத்தினேன். வெட்டவெளியில் படமெடுக்கும்போது நிறம் சரியாக வருவதற்கான ஏற்பாடு அது என்று கையேட்டில் எழுதியிருந்தது. கையேடு சித்தப்பா வீட்டில் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததிலிருந்து மழை. மறுநாள் மத்தியானம் குவைத்துக்கு விமானம் ஏறும் ஒருவர் கையில் தகட்டைக் கொடுத்தாக வேண்டும். நாலு மணிக்கு அக்கா சந்தன நிறச் சேலை உடுத்தி வந்தாள். நாலேகாலுக்குக் கரண்டு போனது. எனக்கு உள்ளூர சந்தோஷம். என் விளக்கின் அருமை இனிமேல்தான் தெரியப் போகிறது.

அம்மா என் காதோரம் வந்தாள். "மக்கா, கொஞ்சம் வெளுப்பா தெரியட்டு, என்ன?"

அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. "எம்மா, நான் என்ன நெறமோ அது தெரிஞ்சா போதும். எலே, நீ ஒண்ணும் கூட்ட வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம். கேட்டியா?"

"நீ பேசாம இரி. எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். இந்த வாக்கியத்தை நான் இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

ஒரு கையில் கேமரா, மறு கையில் குடைக்கம்பி. அக்கா உள்ளறையிலிருந்து நடந்து வந்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், பெயரைச் சொன்னாள். அழகாகத்தான் பேசினாள். மழை விட்ட நேரம், எங்கிருந்தோ ஈசல் கிளம்பியது. இருட்டு வீட்டில் வேறு வெளிச்சமே இல்லாததால் மொத்த ஈசலும் என் மூடியைத் தேடி வந்தது. அக்கா அவற்றைக் கையால் விலக்கிக்கொண்டே பேசினாள். ஒன்று அவள் கண்ணில் விழுந்தது. கசக்கினாள். கண் கலங்கியது. நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கலாம் என்றால் பேட்டரி மங்கத் தொடங்கியிருந்தது.

"வேலைய பத்தி ரெண்டு வார்த்தை சொல்லு" என்று அவசரப்படுத்தினேன்.

அவள் கலங்கிய கண்ணோடு கேமராவைப் பார்த்துச் சொன்னாள்: "நாள் முழுக்க நெறைய பேருக்கு ரத்தம் எடுக்கணும். இப்ப மழைக்காலம்லா, மஞ்சள் காமாலைதான் அதிகமா வருது."

நல்ல இயல்பான வரி என்று நினைத்தேன். அதோடு முடித்தேன்.

மறுநாள் காலையில் நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த, என்னோடு படித்த கூட்டுக்காரனிடம் போய் இரண்டு நகல் எடுத்தேன். குடும்ப விஷயம், திரையை எட்டிப் பார்க்கக் கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கினேன். யோக்கியமானவன், பார்க்கவே இல்லை. (பார்த்திருந்தால் அவனுக்குப் புண்ணியமாகப் போயிருக்கும்.) ஒரு நகல் குவைத்துக்குப் போனது. இன்னொன்று மாப்பிள்ளையின் அம்மாவுக்கு.

ஒரு வாரம் சத்தமில்லை. குவைத்திலிருந்தும் போன் இல்லை. இரண்டாம் வாரமும் அப்படியே போனது. அக்கா காலையில் பஸ்ஸைப் பிடித்துப் போனாள், சாயங்காலம் வந்தாள். சாப்பாட்டில் உப்பு குறைவு என்று மறுபடியும் சொல்ல ஆரம்பித்தாள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு, மாப்பிள்ளையின் அம்மா தனியாக ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். நல்ல உயரமான பெண்மணி, மெல்லிய குரல், கண்ணில் நிஜமான வருத்தம். உட்கார்ந்ததும் பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்தார். வேரோடு பிடுங்கிய கீழாநெல்லி.

"அரைச்சு மோர்ல கலக்கி வெறும் வயித்துல குடுங்க மைனி. நான் யாருட்டயும் சொல்லல்ல. சீக்கு ஆருக்கும் வரத்தான் செய்யும். ஆனா பிள்ளைக்கு இவ்வளவு முத்தின பிறகும் நீங்க பாக்காம இருக்கியளே, அதாக்கும் எனக்கு வெப்ராளம்."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தப் பிள்ளைக்கு?"

"ஆக்னஸுக்குத்தான். படத்துல பாத்தேனே. மொகமும் கையும் கண்ணும் மஞ்சளா மஞ்சள். கண்ணு கலங்கிப் போய் இருக்கு. அவளே சொல்லுதாளே, காமாலைன்னு."

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை விவரிக்க வேண்டியதில்லை. கெட்டுப்போன மீனை அவர் தலையில் யாராவது கட்டிவிட்டால் அப்படித்தான் பார்ப்பார். அன்றைக்கு எங்கள் வீட்டில் கரண்டு இருந்தது. அவரே எழுந்துபோய், எங்களிடமிருந்த தகட்டை எடுத்து டிவியில் போட்டார். குடும்பத்தோடு நாங்கள் அதை முதல் தடவையாகப் பார்த்தோம்.

படத்தில் உள்ளறைக் கதவு திறந்து என் அக்கா வந்தாள். பழுத்த மாம்பழம் ஒன்று சேலை உடுத்தி நடந்து வந்த மாதிரி இருந்தது. கண்ணின் வெள்ளை, பல், சந்தன நிறச் சேலை, பின்னால் சுவரில் இருந்த மாதா படம், எல்லாம் ஒரே மஞ்சள். "மஞ்சள் காமாலைதான் அதிகமா வருது" என்று அவள் சொன்ன இடத்தில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது லைட்டு மாமி" என்றேன். "நான் போட்ட லைட்டுல ஆனது."

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "லைட்டுக்குக் காமாலை வருமா மக்கா?"

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். மாமி அவளை ஜன்னலருகே கூட்டிக்கொண்டு போய்க் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. "இப்ப தெரியல்ல. அன்னைக்கு இருந்திச்சே. இது உள்ள பதுங்கி இருந்துட்டுப் பெறவு வரும், பாத்துக்கிடுங்க. எங்க வீட்டுல ஒரு ஆள அப்படித்தான் பறிகுடுத்தோம்."

அவர் பொய் சொல்கிறவர் இல்லை, அதுதான் சிக்கல். மகனுக்குப் பார்த்த பெண்ணை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்றுதான் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார்.

அப்போதுதான் நான் என் வாழ்க்கையின் மிகச் சிறந்த யோசனையைச் சொன்னேன். "மாமி, இதே லைட்ட வச்சு உங்களையே எடுத்துக் காட்டுதேன். நீங்களும் மஞ்சளாத்தான் தெரிவிய. அப்ப நம்புவியளா?"

"நம்புதேன்" என்றார் அவர்.

விளக்கு, கேமரா இரண்டின் பேட்டரியையும் அன்று காலைதான் சார்ஜ் ஏற்றியிருந்தேன். கதவைச் சாத்தி, ஜன்னலை அடைத்து, அறையை இருட்டாக்கினேன். மூடியைத் தூக்கிப் பிடித்து மாமியை எடுத்தேன். நியாயமாக இருக்கட்டும் என்று அப்பாவையும் அம்மாவையும்கூட எடுத்தேன். ஒரு வழக்கறிஞரின் மிடுக்கோடு வயரை டிவியில் சொருகினேன்.

மூன்று பேரும் ஆரோக்கியமாக இருந்தார்கள். அப்படி ஒரு ஆரோக்கியத்தை நான் பார்த்ததில்லை. மாமியின் கன்னத்தில் நல்ல நிறம். அப்பா பத்து வயது குறைந்து தெரிந்தார். கண்கள் எல்லாம் வெள்ளை.

நடந்தது இதுதான். அன்று காலைவரை இரண்டு வாரம் சார்ஜ் ஏற்றாமல் அலமாரியில் கிடந்த கேமரா, தன் அமைப்புகளை எல்லாம் மறந்து பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. சூரியன் போய்விட்டது. வெளிச்சத்துக்குத் தக்கபடி நிறத்தை முடிந்தவரை தானே சரிசெய்துகொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. அதாவது, நான் தாளோடு நிறுத்தி, சூரியனைத் தொடாமல் இருந்திருந்தால் அக்காவையும் அது ஒழுங்காகவே எடுத்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னொரு வாரம் ஆனது. அந்த நிமிடத்தில் நான் டிவியின் பக்கவாட்டில் ரெண்டு தட்டு தட்டினேன். படம் மாறவில்லை.

"எங்க எல்லாருக்கும் சரியாத்தானே இருக்கு மக்கா" என்றார் மாமி, மிக மெதுவாக.

அக்கா எழுந்து அடுக்களைக்குப் போனாள். பின்னாலேயே போனேன். சுத்தமாக இருந்த டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் வாயில் வந்தது, "கேமராவுல ஏதோ கோளாறு."

அவள் திரும்பவில்லை. "ரெண்டு பேரு நெறம் கொறவுன்னு சொல்லிட்டுப் போனாவ. இப்ப நெறம் கூடிப்போச்சுன்னு போவாவ. அவ்வளவுதாண்டே."

சிரிப்பது போலத்தான் சொன்னாள். ஆனால் அடுத்த கிளாஸை எடுக்கக் கொஞ்ச நேரமானது. இந்த டென்னிஸைப் பற்றி அவள் எங்களிடம் ஒரு வார்த்தை நல்லதாகப் பேசியதில்லை. சாதாரணமாக நாலு வார்த்தை பேசினால் போதும் என்று கேட்ட முதல் ஆள் அவர் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. நான் அங்கேயே நின்றேன். இப்போதும் அந்தக் காட்சியில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், வாயைத் திறக்காமல் நின்றதுதான்.

கையைத் துடைத்துக்கொண்டு அவள் முன்னறைக்குப் போனாள்.

"மாமி, நாளைக்குக் காலைல ரத்தம் குடுக்கேன். நான் வேலை பாக்குற எடத்துல குடுத்தா, நானே எழுதிக்கிட்டேன்னு தோணும். நீங்களே ஒரு லேப் சொல்லுங்க. நீங்களும் கூட வாங்க."

மாமி கொஞ்சம் தயங்கினார். "செரி" என்றார். பிறகு என்னைக் காட்டி, "ஒரே வீட்டுத் தண்ணியத்தானே குடிக்கிய. இவனுக்கும் பாத்திருவோம்" என்றார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். "பாத்திருவோம் மாமி" என்றாள்.

இங்கே ஒரு தகவல் சொல்ல வேண்டும். எனக்கு ஊசி என்றால் ஆகாது. ரத்தப் பரிசோதனை செய்பவளின் தம்பியாக இருந்தும், அல்லது அதனாலேயே. இது அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமை காலை நாகர்கோவிலில், மாமி சொன்ன லேபில், நானும் அக்காவும் வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்தோம், அப்பாவும் அம்மாவும் கூட வந்திருந்தார்கள். உள்ளே ரத்தம் எடுப்பவள் அக்காவோடு படித்தவளாம்.

"ஏட்டி ஆக்னஸ், உனக்கு என்னட்டி?"

"தம்பி லைட்டு போட்டான்" என்றாள் அக்கா. சட்டைக்கையை மடக்குவது போல ஒரு நிதானத்தோடு கையை நீட்டினாள், எடுத்து முடித்ததும் பஞ்சைத் தானே வைத்துக்கொண்டு எழுந்தாள். மாமி அதை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து நான். நாற்காலியில் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. ரப்பர் பட்டையைக் கட்டியது ஞாபகம் இருக்கிறது. அதன்பிறகு, நான் பெஞ்சில் படுத்திருந்தேன். மாமி என் தலையை மடியில் வைத்துப் பரிசோதனைச் சீட்டால் விசிறிக்கொண்டிருந்தார். என் முகம் வெளிறி, வியர்த்து, உதடு உலர்ந்து இருந்ததாம். மாமி அக்காவைப் பார்த்தார். அவள் கல்லு மாதிரி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தார். மறுபடியும் அக்காவைப் பார்த்தார். அவர் மனதில் ஏதோ ஒரு கணக்கு நேரானது எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் முடிவுகள் வந்தன. அக்காவுக்கு ஒன்றுமில்லை. எனக்கும் ஒன்றுமில்லை. ஆனால் மாமி தன் மகனுக்குப் பார்த்த பெண்ணின் தாளை மட்டும் வாங்கிப் படிக்கச் சொல்லிக் கேட்டார். என் தாளை அவர் பார்க்கவில்லை. அதற்கு அவசியம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

பஸ் ஏறுவதற்கு முன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல மைனி, மாதாவுக்குப் புண்ணியம். எடுத்தவனுக்காக்கும் சீக்கு. அது படத்துல ஏறிட்டு."

அம்மா மறுத்துப் பேச வாயைத் திறந்தாள். அப்பா அவள் முழங்கையை அழுத்தினார். கல்யாணம் நடக்க வேண்டிய வீட்டில் ஒருவருக்குக் காமாலை இருந்தே ஆக வேண்டும் என்றால், அது யாருக்கு இருப்பது நல்லது என்பதை அவர் ஒரு நொடியில் ஏலம் போட்டு முடித்திருந்தார். கீழாநெல்லிப் பொட்டலம் அன்றைக்கே என் பெயருக்கு மாறியது. மோரில் கலக்கி மூன்று நாள் குடித்தேன். நான்காம் நாள் மாமி போனில் கேட்டதால் நான்காம் நாளும் குடித்தேன்.

அக்கா அதோடு விடவில்லை. தன் பரிசோதனைத் தாளின் நகலைக் குவைத்துக்கு அனுப்பினாள். கூடவே ஒரு சீட்டு. நான் தெரியாமல் படித்துவிட்டேன். 'என்னுடையதைப் பார்த்துவிட்டீர்கள். உங்களுடையதையும் அனுப்பினால் நன்றாக இருக்கும்' என்று எழுதியிருந்தாள். அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே மயங்கி விழுந்திருப்பாள்.

அதற்கு அடுத்த வாரம், விடுப்பில் ஊருக்கு வந்த ஒருவர் கையில் ஒரு பென்டிரைவ் வந்தது. கூட்டுக்காரனின் கம்ப்யூட்டர் சென்டரில் நானும் அக்காவும் மட்டும் போய்ப் பார்த்தோம். நாலு கட்டில் போட்ட ஒரு சின்ன அறை. மேலே ஒரு டியூப்லைட். அதன் கீழே டென்னிஸ் உட்கார்ந்திருந்தார். ஆள் முழுக்கப் பச்சை. பாசி படிந்த பாறை மாதிரி.

"இங்க ரூம்ல இந்த ஒரு லைட்டுதான் உண்டு" என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "நானும் எலெக்ட்ரீஷியன்தான், ஆனா கம்பெனி லைட்ட மாத்த விடமாட்டாவ. நல்ல பச்சையாத்தான் தெரியுதேன். இது என்ன சீக்குன்னு உங்க லேப்ல பாத்துச் சொன்னியன்னா, ஜனவரில வரும்போது மருந்து எடுத்துக்கிடுவேன். ரிப்போர்ட்டும் இந்தா இருக்கு." சொல்லிவிட்டு ஒரு தாளைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். தாளும் பச்சை.

அக்கா சிரித்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்படி சிரித்தாள். பிறகு, "இன்னொரு வாட்டி போடு. ரிப்போர்ட்டப் படிக்கணும்" என்றாள். போட்டேன். மூன்று தடவை போட்டேன். தாள் வருகிற இடத்தில் அவள் தாளைப் பார்க்கவில்லை.

ஜனவரியில் கல்யாணம் நடந்தது. ஸ்டுடியோக்காரர் ராட்சச விளக்குகளோடு வந்து எடுத்தார். எல்லாரும் தாங்கள் என்ன நிறமோ அந்த நிறத்தில் இருந்தார்கள். வேலை சமாச்சாரமாகக் கோயம்புத்தூர் போகிறவரை என்னைக் கேமராவின் பக்கத்தில் அப்பா அண்ட விடவில்லை.

போன வருடம் அக்கா மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு அவர்கள் ஊருக்குப் போயிருந்தேன். இலை போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நெய்மீன் பொரித்து எடுத்த வாசனை வாசல்வரை வந்தது. பரிமாறிக்கொண்டு வந்த பையன் என் இலையில் ஒரு துண்டை வைக்கப் போனான். மாமிக்கு இப்போது வயதாகிவிட்டது, காது மந்தம். ஆனால் அவ்வளவு கூட்டத்திலும் அதைப் பார்த்துவிட்டார்.

"அவனுக்கு வைக்காதிங்கலே! எண்ணெய் அவனுக்கு ஆகாது. பாவம், பிள்ளைக்குக் காமாலை வந்த ஒடம்பாக்கும்."

துண்டு என் இலையைத் தாண்டி அடுத்த இலைக்குப் போனது. வரிசையில் இருந்த அறிமுகமில்லாத பெரியவர்கள் என்னைப் பார்த்து இரக்கத்தோடு தலையாட்டினார்கள். எனக்கு மோரும் சோறும் வந்தது. அந்த ஊரில் எனக்கு எப்போதும் மோரும் சோறும்தான் வரும்.

சாப்பிட்டு எழுந்ததும் அக்காவைத் தனியாகப் பிடித்தேன். அவள் இன்றைக்கு அந்த மருத்துவமனை ஆய்வகத்துக்கே பொறுப்பாளர். என் பரிசோதனைத் தாள் அவளுடைய பீரோவில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

"ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா? எத்தனை வருசமாச்சு. எனக்கு ஒண்ணும் இல்லன்னு உனக்குத் தெரியாதா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டு வாரம் இருந்துதுல்லா? நீ கொஞ்ச நாளு வச்சிரு" என்று சொல்லிவிட்டு, அடுத்த பந்திக்கு மீன் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.